விண்கலத்தின் காந்தத்தைத் தரையிலேயே அளப்பது ஏன், எப்படி?

1960 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கா டைரோஸ்-1 என்ற செயற்கைக்கோளை ஏவியது. மேகங்களை டிவி கேமராவில் படமெடுத்து அனுப்பிய, வெற்றிகரமாக இயங்கிய முதல் வானிலைச் செயற்கைக்கோள் அதுதான். தன்னைத்தானே சுற்றிக்கொண்டே பறக்கும்படி அதை வடிவமைத்திருந்தார்கள். சுழலும் பொருளின் அச்சு சும்மா திசைமாறாது, ஒரே பக்கம் பார்த்தபடி நிற்கும் என்பது கணக்கு. ஆனால் மேலே போன சில நாட்களிலேயே அந்த அச்சு மெல்ல நகர ஆரம்பித்தது. யாரும் தொடவில்லை, எரிபொருள் எதுவும் கசியவில்லை. ஆராய்ந்து பார்த்தபோது காரணம் செயற்கைக்கோளுக்குள்ளேயே இருந்தது. அதன் மின்சுற்றுகளில் ஓடிய மின்சாரம் அதை ஒரு சிறிய காந்தமாக மாற்றியிருந்தது. பூமியின் காந்தப்புலம் அந்தக் காந்தத்தைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தது.

பொறியாளர்கள் இதை வைத்து உடனே ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் போன டைரோஸ்-2இல் வேண்டுமென்றே ஒரு கம்பிச்சுருளைப் பொருத்தி, தேவைப்படும்போது அதில் மின்சாரம் விட்டு அச்சின் திசையை மாற்றிக்கொண்டார்கள். இன்றைக்கும் சிறிய செயற்கைக்கோள்கள் பல இப்படித்தான் திரும்புகின்றன. நாமே வைத்த காந்தம் ஒரு கருவி. நமக்குத் தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும் காந்தம்தான் தொல்லை. அதைக் கண்டுபிடித்து, அளந்து, முடிந்தவரை ஒழித்துக்கட்டுவதற்கென்றே உலகில் சில தனிக் கூடங்கள் இருக்கின்றன.

விண்கலத்தைப் பெரும்பாலும் அலுமினியத்திலும் கார்பன் இழையிலும்தானே செய்கிறார்கள், காந்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். உடம்பு அலுமினியம்தான், சிக்கல் உள்ளுறுப்புகளில் இருக்கிறது. மோட்டாருக்குள் நிரந்தரக் காந்தம் உண்டு. எரிபொருள் குழாயைத் திறந்து மூடும் சிலவகை வால்வுகளில் உண்டு. மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேக்களில் உண்டு. ரேடியோ சமிக்ஞையைப் பெருக்கும் குழல்களில் பெரிய காந்தங்களே உண்டு. இவை ஒரு வகை.

இரண்டாவது வகை கொஞ்சம் நயவஞ்சகமானது. இரும்பு, நிக்கல், அவை கலந்த உலோகக் கலவைகள் தாமாகக் காந்தமாக இருக்காது. ஆனால் பக்கத்தில் ஒரு காந்தம் வந்துபோனால் அதன் சுவடு அவற்றில் தங்கிவிடும். நிக்கல் பூசிய ஒரு கனெக்டர், ஒரு எஃகுத் திருகு, மின்னணுச் சில்லுகளின் கால்கள் என்று இப்படிப்பட்டவை ஒரு விண்கலத்தில் ஏராளம். தொழிற்கூடத்தில் யாரோ காந்த முனையுள்ள ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகியிருந்தால் போதும்.

மூன்றாவது, மின்சாரம். ஒரு வளையமாக மின்சாரம் ஓடினாலே அது காந்தம்தான். சூரியத்தகடுகளிலிருந்து மின்கலத்துக்கும், அங்கிருந்து கருவிகளுக்கும் போய்த் திரும்பும் மின்சாரம் எவ்வளவு பெரிய பரப்பை வளைத்து ஓடுகிறதோ அவ்வளவுக்கு அதன் காந்தம் வலுக்கும். அதனால்தான் போகும் கம்பியையும் வரும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி விடுகிறார்கள்.

காந்தத்தின் வலுவை ஆம்பியர்-சதுர மீட்டர் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பைச் சுற்றி ஒரு ஆம்பியர் ஓடினால் அது ஒரு அலகு. கடையில் கிடைக்கும் நியோடிமியம் காந்தத்தில் ஒரு கன சென்டிமீட்டர் துண்டை எடுத்துக்கொண்டால் அதன் வலுவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்தத் துண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

முதலில், திருப்பும் பிரச்சினை. பூமியைத் தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் இருக்கும் இடத்தில் காந்தப்புலம் சுமார் 30,000 நானோ டெஸ்லா (புலத்தின் வலுவைச் சொல்லும் அலகு) என்று வைத்துக்கொள்வோம். அதில் நம் நியோடிமியம் துண்டின் மேல் விழும் திருப்புவிசை ஒரு நியூட்டன்-மீட்டரில் லட்சத்தில் மூன்று பங்கு. கேட்டால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் விண்வெளியில் உராய்வு கிடையாது. சுழலாமல் நிற்கும் நூறு கிலோ சொச்சம் எடையுள்ள, ஒரு மீட்டர் அகலச் செயற்கைக்கோளை அந்த விசை தடையில்லாமல் தள்ளினால் பத்தே நிமிடத்தில் இருபது, முப்பது டிகிரி திரும்பிவிடும். தொலைநோக்கியோ ஆன்டெனாவோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க, உள்ளே சுழன்று விண்கலத்தை எதிர்ப்பக்கம் திருப்பும் எதிர்வினைச் சக்கரங்கள் ஓயாமல் உழைக்க வேண்டும், அல்லது எரிபொருளைச் செலவழிக்க வேண்டும்.

இரண்டாவது பிரச்சினை, அளக்கும் பிரச்சினை. என் பார்வையில் இந்தத் துறையையே வளர்த்தது இதுதான். கோள்களுக்குப் போகும் விண்கலங்களில் காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி என்ற கருவி இருக்கும். பார்க்க எளிமையானது, படம் எதுவும் எடுக்காது, ஆனால் அது சொல்லும் சேதிகள் சாதாரணமானவை அல்ல. 2005 பிப்ரவரியில் காசினி விண்கலம் சனியின் சிறிய நிலவான என்செலடஸைக் கடந்தபோது, அங்கே சனியின் காந்தக்கோடுகள் எதிலோ முட்டி வளைவதைக் காந்தமானி காட்டியது. மிஷெல் டோஹர்ட்டி தலைமையிலான குழு, அங்கே ஏதோ வாயு இருக்கிறது, இன்னும் நெருங்கிப் போக வேண்டும் என்று வாதாடியது. ஜூலை 14 அன்று காசினி வெறும் 173 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. தென்துருவத்திலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிட்டு வருவது உறுதியானது. ஐரோப்பா என்ற வியாழனின் நிலவில் பனிக்கடியில் உப்புக்கடல் இருக்கலாம் என்பதற்கான வலுவான ஆதாரமும் கலிலியோ விண்கலத்தின் காந்தமானியிலிருந்து வந்ததுதான்.

இப்படிப்பட்ட கருவிக்கு முன்னால் நம் நியோடிமியம் துண்டை வைத்துப் பாருங்கள். பூமிக்கருகே, சூரியக் காற்று (சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள்கள்) சுமந்துவரும் காந்தப்புலம் சுமார் 5 நானோ டெஸ்லா. அந்தக் காற்றின் எல்லையையே தாண்டிப்போன வாயேஜர் விண்கலங்கள் அளந்தது அரை நானோ டெஸ்லா அளவு. நம் துண்டோ, ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 200 நானோ டெஸ்லா வரை காட்டும். சுற்றியிருப்பதைப் போல நாற்பது மடங்கு! கருவி அளப்பது விண்வெளியையா, தன்னைச் சுமக்கும் வண்டியையா?

இதற்கு ஒரு வழி, விலகிப் போவது. காந்தப்புலம் தூரத்தின் கனத்துக்கேற்பக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒன்று, பத்து மடங்கானால் ஆயிரத்தில் ஒன்று. ஒரு மீட்டரில் 200 காட்டிய துண்டு பத்து மீட்டரில் 0.2 தான் காட்டும். அதனால்தான் காந்தமானியை ஒரு நீளக் கையின் நுனியில் கட்டி வெளியே நீட்டுகிறார்கள். வாயேஜரின் கை 13 மீட்டர், காசினியுடையது 11 மீட்டர். ஆனால் கையை எவ்வளவுதான் நீட்ட முடியும்? நீளம் கூடக்கூட எடை கூடும், ஆட்டம் கூடும், மடித்து வைத்து விண்ணில் விரிப்பது சிரமமாகும். மேலும், உள்ளே இருக்கும் காந்தம் எவ்வளவு என்றே தெரியாவிட்டால் எத்தனை மீட்டர் போதும் என்று எப்படி முடிவு செய்வது? ஆக, அளந்தே ஆக வேண்டும்.

சரி, காந்தமானியை விண்கலத்தின் பக்கத்தில் வைத்து அளந்துவிடலாமே? முடியாது. பூமி குறுக்கே நிற்கிறது. தென் தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோ டெஸ்லா. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சுமார் 50,000. நாம் தேடுவதோ ஒன்று, இரண்டு நானோ டெஸ்லா. அதைவிட மோசம், பூமியின் புலம் ஒரே அளவில் நிற்பதுமில்லை. அமைதியான நாளில்கூடக் காலைக்கும் மதியத்துக்கும் இடையே பத்து, இருபது, அதற்கும் மேல் என்று ஏறி இறங்கும். சூரியனில் புயல் அடித்தால் நூற்றுக்கணக்கில் ஆடும். போதாததற்கு மனிதர்கள். வாசலில் லாரி போனால் ஆடும், கட்டடத்தில் லிஃப்ட் நகர்ந்தால் ஆடும், மின்ரயில் ஓடினால் கேட்கவே வேண்டாம்.

மின்ரயில் என்றதும் மும்பையின் கொலாபா ஆய்வகம் நினைவுக்கு வருகிறது. 1840களிலிருந்து அங்கே பூமியின் காந்தப்புலத்தைத் தொடர்ந்து பதிவு செய்துவந்தார்கள். குதிரை இழுத்த டிராம்களை மின்சாரத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்றதும், தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம் பதிவுகளைக் கெடுத்துவிடும் என்று 1904இல் கடலுக்கு அப்பால் அலிபாகில் புதிய ஆய்வகம் அமைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் இரண்டு இடங்களிலும் சேர்த்தே அளந்து ஒப்பிட்டுக்கொண்ட பிறகுதான் கொலாபாவில் காந்தப் பதிவை நிறுத்தினார்கள். டிராமின் தொல்லைக்குப் பயந்து ஓர் ஆய்வகமே ஊர் மாறியது. விண்கலச் சோதனைக்கூடம் கட்டுபவர்களுக்கும் இதே கவலைதான். சாலையிலிருந்தும் இரும்புக் கட்டடங்களிலிருந்தும் ஒதுங்கிய இடமாகத் தேடுவார்கள். சுவரில் இரும்புக் கம்பி இருக்காது. ஆணி, கதவுக் கீல், தாழ்ப்பாள் வரை பித்தளையோ அலுமினியமோ மரமோதான். உள்ளே போகிறவர் சாவி, பெல்ட், போன் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், கிரீன்பெல்ட்டில் உள்ள நாசாவின் காடர்ட் விண்வெளி மையத்தில் 1966இல் கட்டிய கூடம் இந்த வகையில் பேர்பெற்றது. டைரோஸ் காலத்துப் பாடத்திலிருந்து பிறந்தது என்றே சொல்லலாம். ஆரம்பத்தில் அதைத் திசைக்கட்டுப்பாட்டுச் சோதனைக்கூடம் என்றே அழைத்தார்கள். 1985இல் அமெரிக்க அரசு அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. வரலாற்றுச் சின்னம் என்றால் கோட்டையும் மாளிகையும்தான் நம் நினைவுக்கு வரும். இங்கே சின்னம், சுமார் 40 அடி விட்டமுள்ள கம்பிச்சுருள்களின் கூட்டம்.

அந்தச் சுருள்கள் செய்யும் வேலை, காந்தப்புலத்தை உண்டாக்குவதைவிட, இருப்பதை இல்லாமல் செய்வதுதான். பூமியின் புலம் எந்தத் திசையில் எவ்வளவு இருக்கிறதோ, அதற்கு நேர் எதிர்த்திசையில் அதே அளவு புலத்தைச் சுருள்கள் உண்டாக்கும். இரண்டும் கழிந்து, நடுவில் கிட்டத்தட்ட சுழியம். காய்கறிக் கடையில் காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்கிவிட்டு எடை போடுவதைப் போலத்தான். வித்தியாசம், இங்கே பாத்திரத்தின் எடை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அதனால் சற்றுத் தள்ளி, தொந்தரவில்லாத ஓரிடத்தில் இன்னொரு காந்தமானி எப்போதும் பூமியின் புலத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும். அது சொல்லச் சொல்லச் சுருளில் ஓடும் மின்சாரம் தானாகவே திருத்திக்கொள்ளும்.

புலம் எந்தத் திசையிலும் இருக்கலாம் என்பதால் மேல்-கீழ், வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு என்று மூன்று திசைக்கும் மூன்று தொகுதிச் சுருள்கள் வேண்டும். பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் பார்த்திருப்பீர்கள். ஒரே அளவுள்ள இரண்டு வளையங்களை, ஆரத்தின் அளவு இடைவெளி விட்டு வைத்தால் நடுவில் சீரான புலம் கிடைக்கும். ஆனால் அந்தச் சீரான பகுதி மிகச் சிறியது. நான்கைந்து மீட்டர் விண்கலத்தை அதில் நிறுத்தினால் அதன் ஒரு முனையில் பூமியின் புலம் கழிந்திருக்கும், மறுமுனையில் மிச்சமிருக்கும். ஜெர்மானிய இயற்பியலாளர் வெர்னர் பிரவுன்பெக், ஒரு திசைக்கு இரண்டுக்குப் பதில் நான்கு வளையங்களைச் சரியான அளவிலும் இடைவெளியிலும் வைத்தால் சீரான பகுதி வெகுவாகப் பெரிதாகும் என்று 1930களில் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். காடர்டில் இருப்பது அந்த முறை. ஜெர்மனியில் மியூனிக் அருகே ஓட்டோபுருன்னில் ஐஏபிஜி நிறுவனத்திடமும் இப்படியொரு பெரிய கூடம் இருக்கிறது. ஐரோப்பாவின் சோலார் ஆர்பிட்டர் அங்கே சோதனைக்குப் போன விண்கலங்களில் ஒன்று.

விண்கலம் உள்ளே வந்ததும் முதலில் அதை அப்படியே, எதுவும் செய்யாமல் அளப்பார்கள். அதைக் காந்தமற்ற ஒரு சுழல்மேடையில் நிறுத்தி மெல்லத் திருப்புவார்கள். பக்கத்தில் வெவ்வேறு தூரங்களில் காந்தமானிகள் வரிசையாக நிற்கும். சில டிகிரிக்கு ஒரு முறை புலத்தைக் குறித்துக்கொண்டே ஒரு முழுச் சுற்று. விண்கலம் திரும்பும்போது அதன் புலமும் கூடவே திரும்பும். அறையில் மிச்சமிருக்கும் புலம் திரும்பாது. அதனால் எது விண்கலத்துடையது, எது அறையுடையது என்று பிரித்துவிடலாம். சுழல்மேடையை வைத்து இதைச் சாதிப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிடைத்த எண்களைக் கணினியில் போட்டு, எந்த இடத்தில் எந்தத் திசையில் எவ்வளவு வலுவுள்ள காந்தங்கள் இருந்தால் இப்படி ஒரு புலம் வரும் என்று பின்னோக்கிக் கணக்கிடுவார்கள். திறந்து பார்க்காமலே, இந்த மூலையில் இருக்கும் வால்வுதான் ஆள் என்று கண்டுபிடித்துவிட முடியும்.

அப்புறம் காந்த நீக்கம். பழைய டியூப் டிவி வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்தால் திரையில் நிறத்திட்டு விழும். டிவியை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் போட்டால் ஒரு உறுமலோடு திட்டு மறையும். அந்த உறுமல், உள்ளிருந்த காந்தநீக்கச் சுருளின் சத்தம். அதே தத்துவம்தான் இங்கேயும். விண்கலத்தைச் சுற்றி வலுவான புலத்தை முன்னும் பின்னும் மாறி மாறிக் கொடுத்து, ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிது சிறிதாகக் குறைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவருவார்கள். எஃகிலும் நிக்கலிலும் தங்கியிருந்த சுவடு தன் திசையை இழந்து கலைந்துவிடும். மோட்டாருக்குள் இருக்கும் நிரந்தரக் காந்தம் இதற்கெல்லாம் அசையாது, அசையவும் கூடாது. முடிந்ததும் மறுபடி சுழற்றி அளப்பார்கள். சில சமயம் இதற்கு முன்பாக வேண்டுமென்றே விண்கலத்தைக் காந்தமேற்றியும் பார்ப்பதுண்டு. ஏவுதளம் போகும் வழியில் ஏதாவது புலத்தில் சிக்கினால் நிலைமை எவ்வளவு மோசமாகலாம் என்று தெரிந்துகொள்ளத்தான்.

இதுவரை விண்கலம் அணைந்து கிடந்தது. இனி ஒவ்வொரு கருவியாக மின்சாரம் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு புலத்தைச் சேர்க்கிறது என்று பார்ப்பார்கள். ஹீட்டர் போட்டால் எவ்வளவு, ரேடியோ போட்டால் எவ்வளவு என்று ஒரு பட்டியலே தயாராகும். பின்னாளில் காந்தமானித் தரவில் திடீரென்று ஒரு படி தெரிந்தால், விஞ்ஞானிகள் முதலில் புரட்டுவது இந்தப் பட்டியலைத்தான். வெளியிலிருந்து புலம் கொடுத்தால் விண்கலம் எவ்வளவு தற்காலிகமாகக் காந்தமாகிறது என்பதையும் சுருள்களைக் கொண்டே சோதித்துவிடலாம். காந்தமானியையும் டைரோஸ்-2இல் இருந்தது போன்ற திருப்பும் சுருள்களையும் சரிபார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. தெரிந்த புலத்தைக் கொடுத்து, கருவி என்ன சொல்கிறது என்று பார்த்தால் முடிந்தது.

எல்லாம் செய்தும் மிச்சக் காந்தம் அதிகமாக இருந்தால்? அந்த உறுப்பின் அருகில் அதே வலுவுள்ள ஒரு சிறு காந்தத்தை எதிர்த்திசையில் ஒட்டிவிடுவார்கள். காந்தத்தைக் கழிக்க இன்னொரு காந்தம். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் நெடுங்காலமாக நடைமுறையில் இருப்பதுதான்.

ஆனாலும் தரைச் சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. மேலே போனபின் வெப்பம் மாறும், மின்சாரம் மாறும். அதற்காகத்தான் நீளக் கையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு காந்தமானிகளை வைக்கும் வழக்கம். காடர்டில் பணியாற்றிய நார்மன் நெஸ் குழுவினர் 1971இல் இந்த முறையை விளக்கினார்கள். 1974இல் புதனுக்குக் காந்தப்புலம் உண்டு என்று கண்டுபிடித்த மாரினர்-10 விண்கலத்தில் அதையே பயன்படுத்தினார்கள். நம் ஆதித்யா-எல்1இலும் இதே ஏற்பாடு. 6 மீட்டர் கை, அதில் 3 மீட்டரில் ஒரு காந்தமானி, நுனியில் ஒன்று. மடித்து வைத்திருந்த அந்தக் கை 2024 ஜனவரி 11 அன்று விரிந்தது.

ஒரு கற்பனைக் கணக்கில் இதைப் பார்ப்போம். நுனியில் 6 நானோ டெஸ்லா, நடுவில் 13 என்று காட்டுகிறது. சூரியக் காற்றின் புலம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். விண்கலத்தின் புலம் மட்டும் நடுவில் எட்டு மடங்கு. ஆக, வித்தியாசமான 7, நுனியில் உள்ள விண்கலப் புலத்தின் ஏழு மடங்கு. அப்படியென்றால் நுனியில் விண்கலத்தின் பங்கு 1, உண்மையான புலம் 5. நிஜத்தில் திசைகளும் சேர்ந்து கணக்கு சிக்கலாகும். விண்கலத்துக்குள் ஒன்றல்ல, பல காந்தங்கள் இருக்கும். என்றாலும் அடிப்படை இவ்வளவுதான்.

அப்படியானால் தரைச் சோதனையை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளலாமா? 2005இல் ஏவிய ஐரோப்பாவின் வீனஸ் எக்ஸ்பிரஸ் கிட்டத்தட்ட அப்படித்தான் போனது. காந்தத் தூய்மைக்கென்று தனித் திட்டம் இல்லை, கையின் நீளமும் ஒரே ஒரு மீட்டர். இரண்டு காந்தமானிகள் இருந்ததால் அந்தத் தரவைச் சுத்தம் செய்து நல்ல அறிவியலும் கிடைத்தது. ஆனால் சக்கரமும் ஹீட்டரும் கருவிகளும் கிளப்பிய இரைச்சலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தரையில் செலவழிக்காத உழைப்பைப் பிறகு மேசையில் செலவழித்தார்கள். செலவைக் குறைத்து வேகமாகக் கட்டிய திட்டத்துக்கு அது சரியான முடிவாகவே இருந்திருக்கலாம். ஆனால் அரை நானோ டெஸ்லாவைத் தேடிப்போகும் விண்கலத்துக்கு அது ஒத்துவராது.

40 அடிச் சுருளெல்லாம் கல்லூரியில் சிறிய செயற்கைக்கோள் கட்டும் மாணவர்களுக்கு எட்டாது. தேவையும் இல்லை. கையளவு செயற்கைக்கோளுக்கு, ஒரு மேசை மேல் அலுமினியச் சட்டத்தில் மூன்று திசைக்கும் சுருள் சுற்றிய கூண்டு ஒன்றே பல இடங்களில் போதுமானதாக இருக்கிறது. அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, பாகங்களை வாங்கும்போதே ஒரு சிறு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பது. ஒட்டினால் யோசிக்க வேண்டும். பலரும் பயன்படுத்தும் 18650 வகை லித்தியம் மின்கலத்தின் கூடு நிக்கல் பூசிய எஃகு, காந்தம் நன்றாக ஒட்டும். வேறு மின்கலம் கிடைக்காது என்றால் அவற்றை இரண்டிரண்டாக எதிரெதிர்த் திசையில் அடுக்கலாம். ஒன்றின் காந்தத்தை மற்றொன்று பெருமளவு கழித்துவிடும்.